ஒரு ஃப்ளெக்ஸும் ஒரு கயித்து நுனியும்

வாங்க வாங்க, உள்ள வந்து ஃபேனுக்கு அடியில உக்காருங்க. வெளிய வெயில் கொல்லுது. பையை இப்படி டேபிள் மேல வையுங்க. ஏனுங்க, பழம், பூவு, வெத்தலை பாக்கெல்லாம் இருக்குது, எங்கயோ நல்ல காரியத்துக்குப் பொறப்பட்டாப்ல தெரியுது? வையுங்க வையுங்க, என்ற கடையில ஈ வராது. மாஸ்டர், ரெண்டு டீ! ஒண்ணுல சக்கரை கம்மி.

இப்பச் சொல்லுங்க. யாரு, நவநீதனா? ஸ்நூக்கர் ஆடற நவநீதன்? தெரியுங்களாவா? நல்லாக் கேட்டீங்க போங்க. இருங்க, நீங்க மேக்கொண்டு ஒரு வார்த்தை பேச வேண்டாம். பேச்சைக் கேட்டாலே கோபிப் பக்கம்னு தெரியுது. வெள்ளைச் சட்டை, பை நெறையப் பழம், பையன் பேரைச் சொல்லி "தெரியுங்களா"ன்னு ஒரு கேள்வி. பொண்ணு வீட்டுக்காரங்க! பையனைப் பத்தி அக்கம் பக்கத்துல விசாரிக்க வந்திருக்கறீங்க. இந்தச் சந்துல எந்தப் பையனுக்கு வரன் வந்தாலும் விசாரணை மொதல்ல இந்த பேக்கரிக்குத்தானுங்க வரும். சென்னியப்பன் நல்லவன்னு சொன்னா பந்தக்கால் நட்டுரலாம். சென்னியப்பன் தலையைச் சொறிஞ்சா அந்தச் சம்பந்தம் அத்தோட சரி.

"இல்லீங்க"வா? என்னத்த இல்லீங்க? கூச்சப்படாதீங்க. பொண்ணைக் குடுக்கறவன் நாலு எடத்துல விசாரிக்கத்தான் வேணும். நாளைக்கு என்ற மகளுக்கு வரன் வந்தா நானும் இப்படித்தான் பையைத் தூக்கிட்டுப் போவேன். அதா, கல்லாவுல உக்காந்திருக்குதே, அதுதான் என்ற மக, இந்துஜா. எட்டு மணி வரைக்கும் தூங்கறது இன்னைக்கு என்னமோ விடியறப்பவே தலைக்குக் குளிச்சு பட்டுச்சேலை கட்டி வந்து உக்காந்திருக்குது. கோயிலுக்குப் போகுமாட்ட இருக்குது. அம்மிணி, அந்த ஃபேனைக் கொஞ்சம் வேகமா வெச்சு உடு. பாருங்க, ஒறம்பரை விருந்தாளி வந்தா நிமிந்து பாக்கோணும்னு தெரியாது, குனிஞ்ச தலை நிமிரலை. உங்க வீட்டுப் பொண்ணும் இப்படித்தானுங்களா?

சரி, விசயத்துக்கு வர்றேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணுன்னு சொல்லுவாங்க. அந்த வேலை நம்மகிட்ட நடக்காதுங்க. நான் யாரைப் பத்தியும் கொறையாப் பேசறவனும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்றேன், பொறகு உங்க இஷ்டம்.

பையன் குடிக்க மாட்டான். பீடி சிகரெட் கெடையாது. அப்பன் இல்லாத பையன், அம்மாவை நல்லா வெச்சுப் பாத்துக்கறான். சொந்தபந்தம்னு பெருசா ஒண்ணும் இல்லை. தாய்மாமன் ஒருத்தர் மட்டும் கோபிப் பக்கம் இருக்கறாராம். நான் பாத்ததில்லை. வாயில்லாப்பூச்சி, நாலு பேரு முன்னால பேசத் தெரியாதுன்னு அந்தம்மா சொல்லிக் கேட்டிருக்கறேன். உங்க ஊருப் பக்கம்தான, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கோணுமே? என்னங்க, சிரிக்கறீங்க? ஆளு அப்படித்தானா? நெனச்சேன்.

பையனோட தொழில் ஸ்நூக்கர். டேபிள்னா சும்மா இல்லைங்க, ரெண்டு கட்டிலை ஒண்ணாப் போட்டாப்ல பெருசு, மேல பச்சைத் துணி. பதினஞ்சு செவப்புப் பந்து, ஆறு கலர்ப் பந்து. குச்சியால வெள்ளைப் பந்தை அடிச்சு, அது போயி மத்ததைக் குழிக்குள்ள தள்ளோணும். செவப்பு ஒண்ணைத் தள்ளினா அடுத்தது கலர் ஒண்ணு. இதுல வேடிக்கை என்னன்னா, உள்ள தள்ளின கலரை அம்பயர் எடுத்து மறுக்கா மேலயே வெச்சுருவாரு. எடுத்து வைக்கறதுக்கு எதுக்குங்க தள்ளோணும்? அவனையே கேட்டேன். "செவப்பு எல்லாம் முடியற வரைக்கும் அப்படித்தாங்க, அதுக்குப் பொறகு வைக்க மாட்டாங்க"ன்னான். என்ற மக ஊடால வந்து, "அப்பா, மஞ்சள் ரெண்டு, பச்சை மூணு, பிரவுன் நாலு, நீலம் அஞ்சு, பிங்க் ஆறு, கருப்பு ஏழு"ன்னு மடமடன்னு ஒப்பிக்குது. ஸ்கூல்ல வாய்ப்பாடு சொல்றதுக்கு அழுத புள்ளைங்க அது! பொது அறிவு வளத்துக்குது போலன்னு நானும் சந்தோசப்பட்டுக்கிட்டேன்.

தெனமும் பொழுதோட கிளப்புல பயிற்சி முடிச்சுட்டு இங்கதான் வருவான். ஒரு டீ, ஒரு எக் பப்ஸ். எத்தனை கூட்டம் இருந்தாலும் அவனுக்குன்னு ஒரு பப்ஸ் ஓவன்ல சூடாவே இருக்கும். எப்படின்னு கேளுங்க. தெரியலைங்க! மாஸ்டரைக் கேட்டா அவனுக்கும் தெரியலை. கை பூரா நீலப் பொடி ஒட்டியிருக்கும். குச்சி மொனைக்குத் தேக்கற சாக்பீசுங்க அது. டீ கிளாஸ்லயும் நீலம், டேபிள்லயும் நீலம். அந்தச் சமயத்துலதான் என்ற மகளோட ஸ்கூட்டர் கைப்பிடியிலயும் நீலமா ஒட்ட ஆரம்பிச்சுது. புது வண்டிங்க! சாயம் போற கைப்பிடியைப் போட்டுக் குடுத்துட்டான்னு ஷோரூமுக்கே போயி சண்டை புடிச்சுட்டு வந்தேன். ஷோரூம்காரன் கைப்பிடியை மாத்திக் குடுத்தான். மாத்துன கைப்பிடியிலயும் நாலு நாள்ல நீலம். இந்தக் காலத்து சாமானே அப்படித்தானுங்க.

மரியாதை தெரியாதவன்னு சொல்ல மாட்டேன். மொதல்ல என்னை "அங்கிள் அங்கிள்"ன்னுக்கிட்டு இருந்தான். திடீர்னு ஒரு நாள் "மாமா, ஒரு டீ"ங்கறான். எனக்கு ஆச்சரியமாப் போச்சு. பரவால்ல, இங்கிலீசை உட்டுட்டுத் தமிழுக்கு வந்துட்டானேன்னு அன்னைக்கு டீயோட ஒரு தேங்காய் பன் சேத்தி வெச்சேன்.

போன ஐப்பசியில நம்மூருக்கே அந்தப் போட்டி வந்துச்சுங்க. அகில இந்திய புரொபெஷனல் போட்டி. ஜெயிக்கறவனுக்குக் கோப்பை, அதோட சீமைக்குப் போயி அங்க இருக்கற பெரிய ஆட்டக்காரங்களோட ஆடறதுக்கு ஒரு எடம். அந்த எடத்துக்காகத்தான் இவன் சின்னதுல இருந்து குச்சியைப் புடிச்சுக்கிட்டு நிக்கறான். அவங்கம்மா எந்தக் கோயிலுக்குப் போனாலும் இது ஒண்ணுதான் வேண்டுதல்.

மொத ரவுண்டுல பம்பாய்க்காரனை அஞ்சுக்கு ஒண்ணுன்னு முடிச்சான். அன்னைக்கு இங்க வந்து, "மாமா, ஆசீர்வாதம் பண்ணுங்க"ன்னு நின்னான். எனக்கு மனசு நெறஞ்சு போச்சுங்க. எங்க குலசாமி கோயில்ல மந்திரிச்ச கயிறு ஒண்ணு வெச்சிருந்தேன். செவப்புக் கயிறு. அதை எடுத்து அவன் சோத்துக் கையில மூணு முடிச்சுப் போட்டுக் கட்டினேன். முடிச்சுக்கு மேல நாலு விரக்கடை நுனி தொங்குச்சு. இந்துஜா கத்திரிக்கோலைத் தூக்கிட்டு ஓடி வந்துச்சு, "நுனியை வெட்டிரலாம்ப்பா, ஆட்டத்துல எடைஞ்சலா இருக்கும்"னு. வந்துச்சு பாருங்க கோவம் எனக்கு! மந்திரிச்ச கயித்து நுனியை வெட்டுனா பலன் போயிருமுங்க, எங்க பூசாரி படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கறாரு. ஒரு அதட்டுப் போட்டேன். அவனும், "இருக்கட்டுங்க, மாமா ஆசையாக் கட்டினது"ன்னு சட்டைக் கைக்குள்ள சொருகிக்கிட்டான். பெரியவங்க சொல்லுக்குக் கட்டுப்படற கொணம், அதையும் மறைக்காமச் சொல்லிர்றேன்.

கயிறு வேலை செஞ்சுதுங்க! கால் இறுதியில டெல்லிக்காரன் அஞ்சுக்கு மூணு. அரை இறுதியில ஒரு சர்தார்ஜி, பெரிய கை, போன வருச சாம்பியன். அவரு நாலு, நம்மாளு நாலு, கடைசி ஃப்ரேம்ல கருப்புப் பந்து வரைக்கும் இழுத்துட்டுப் போயி ஜெயிச்சான். ஊரெல்லாம் அவன் திறமைங்கறாங்க. திறமைதான், இல்லைங்கலை. ஆனா போன வருசமும் அதே திறமைதான இருந்துச்சு? ரெண்டாவது ரவுண்டுல வீட்டுக்கு வந்தானே? இந்த வருசம் புதுசா என்ன இருந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க.

ஃபைனல் அன்னைக்குக் காத்தால நான் ஒரு வேலை பண்ணினேன். ஃப்ளெக்ஸ் அடிக்கக் குடுத்துட்டேன்.

ஜெயிச்ச பொறகு அடிக்கலாம்னு இந்துஜா சொல்லத்தான் செஞ்சுது. ஜெயிச்ச பொறகு ஊர்ல இருக்கறவனெல்லாம் அடிப்பான். கவுன்சிலர் அடிப்பாரு, எதுத்தாப்ல செல்போன் கடைக்காரன் அடிப்பான். மொத ஃப்ளெக்ஸ் நம்முளுதா இருக்கோணும். பன்னண்டுக்கு எட்டு அடி. "அகில இந்திய சாம்பியன் நவநீதன் அவர்களை வாழ்த்தி மகிழும் சென்னியப்பன் பேக்கரி." ஒரு பக்கம் அவன் குச்சியோட குனிஞ்சு அடிக்கற போட்டோ. இன்னொரு பக்கம் நான் கும்புட்டுக்கிட்டு நிக்கறேன். என்ற போட்டோ கொஞ்சம் பெருசு, அது டிசைன் பண்ற பையன் பண்ணினது. அவன் குனிஞ்சிருக்க, நான் நிமிந்திருக்க, பாக்கறவங்களுக்கு அவன் என்ற கால்ல உழற மாதிரி இருக்கும். தற்செயலா அமைஞ்சுது. ஏணியோட ரெண்டு ஆளை முக்குல நிக்கச் சொல்லிட்டேன். "நான் போன் பண்ணி கட்டுன்னு சொன்ன ஒடனே கட்டிப்புடோணும்"னு ஏற்பாடு.

கிளப்புக்கு நானும் இந்துஜாவும் போனோம். உள்ள போனா கல்யாண மண்டபத்துல தாலி கட்டற நேரத்துல கூட அப்படி ஒரு அமைதி இருக்காதுங்க. இருமக் கூடாது. தும்மக் கூடாது. ஆடறவன் கண்ணுக்கு நேரா அசையக் கூடாது. நான் ஒரு மிச்சர் பாக்கெட்டைப் பிரிச்சேன். வெள்ளைக் கையொறை மாட்டுன அம்பயர் திரும்பி என்னையே பாக்கறாரு. அத்தனை சனமும் பாக்குது. இந்துஜா பாக்கெட்டைப் புடுங்கி பைக்குள்ள போட்டுக்கிச்சு. காசு குடுத்து டிக்கெட் வாங்கின மனுசன் மிச்சர் தின்னக் கூடாதுங்கறது எந்த ஊரு ஞாயம்?

எதுக்க ஆடறவன் ஒரு பூனாக்காரப் பையன். கண்ணாடி போட்டுக்கிட்டு, வாத்தியாராட்ட இருப்பான். அவன் நல்லா ஒரு அடி அடிச்சா நம்மாளு குச்சியைத் தரையில தட்டறான். என்னடா பண்றான்னு கேட்டேன். "பாராட்டறாருப்பா"ங்குது மக. எதிரியைப் பாராட்டறதாமுங்க! எதுத்த கடைக்காரன் கேக் நல்லாயிருக்குதுன்னு நான் ரோட்டுல நின்னு கை தட்டுனா என்ற பொழப்பு என்னாகும்?

அவன் ஒண்ணு, இவன் ஒண்ணு, அவன் ரெண்டு, இவன் ரெண்டு, இப்படியே போயி நாலுக்கு நாலு. கடைசி ஃப்ரேம். அதுலயும் செவப்பெல்லாம் காலி, கலர்ல நாலு காலி. டேபிள் மேல பிங்க், கருப்பு, ரெண்டே ரெண்டு பந்து. பூனாக்காரன் அறுவது, நம்மாளு அம்பத்தஞ்சு. ஆடற முறை நம்மாளுது. பிங்க் ஆறு, கருப்பு ஏழு. ரெண்டையும் உள்ள தள்ளிட்டா கோப்பை நம்முளுது, சீமை நம்முளுது, ஃப்ளெக்ஸ் நம்முளுது.

ஆனா வெள்ளைப் பந்து கருப்புப் பந்துக்கு ஒட்டுனாப்ல பின்னால நின்னுக்கிச்சு. கருப்புக்கு மேல கையைத் தூக்கி ஊணி, அதுக்கு மேல குச்சியை வெச்சு அடிக்கோணும். அவன் எடதுகைக்காரனுங்க, ஊணற கை சோத்துக் கை. வெரலை மட்டும் டேபிள்ல ஊணிக்கிட்டு, மணிக்கட்டைத் தூக்கிக்கிட்டு, மூச்சு உடாம நின்னான். இந்துஜா என்ற முழங்கையைப் புடிச்ச புடியில நகம் பதிஞ்சு போச்சு. அடிச்சான் பாருங்க. பிங்க் நேராப் போயி மூலைக் குழியில லொடக்குன்னு உழுந்துச்சு. சனமெல்லாம் கை தட்டுது. கருப்பு குழிக்கு வாயிலயே நிக்குது, கொழந்தை கூடத் தள்ளிரும். நான் கர்ச்சீப்புக்குள்ள போனை வெச்சு, "கட்டுடா"ன்னு சொல்லிட்டேன்.

சொல்லிட்டு நிமிந்து பாக்கறேன், அவன் குச்சியைக் கீழ வெச்சுட்டு கையைத் தூக்கிக்கிட்டு நிக்கறான்.

அம்பயர் கிட்டப் போனாரு. இவன் மணிக்கட்டைக் காட்டறான். கயித்து நுனி சட்டைக்கைக்கு வெளிய வந்து கருப்புப் பந்து மேல பட்டுருச்சாம். கயிறுங்க! கை இல்லை, குச்சி இல்லை, கயிறு! ஒடம்புல இருக்கற எது பட்டாலும் ஃபவுலாமுங்க, துணி பட்டாக் கூட. சரி, பட்டுது. யாரு பாத்தா? அம்பயர் பாக்கலை. டிவி கேமராவுல தெரியலை. பூனாக்காரன் எந்திரிச்சு வந்து, "நான் ஒண்ணும் பாக்கலையே, நெஜமாப் பட்டுச்சா"ன்னு கேக்கறான். எதிரியே கேக்கறானுங்க! இவன், "பட்டுச்சு"ங்கறான். இந்த ஆட்டத்துல அப்படி ஒரு பழக்கமாம், தன்னோட ஃபவுலைத் தானே சொல்லிரோணுமாம். நுணலும் தன் வாயால் கெடும்ங்கறது இதுதானுங்க. வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது.

கயிறு யாரு கட்டுனதாவா? அதான் சொன்னேனே, நான்தானுங்க கட்டினேன். ஏனுங்க, அதுக்கெதுக்கு இப்படி டீயைத் துப்பறீங்க? பொறை ஏறிருச்சா? தலையைத் தட்டிக்குங்க. அந்தக் கயிறு இல்லைன்னா ஃபைனல் வரைக்கும் வந்திருப்பானா, அதைச் சொல்லுங்க மொதல்ல.

பொறகென்ன. ஃபவுல்னு பூனாக்காரனுக்கு ஏழு. பிங்க்கைக் குழியில இருந்து எடுத்து மறுக்கா மேல வெச்சுட்டாங்க, போட்டது செல்லாதாம். அவன் வந்து நிதானமா பிங்க்கைத் தள்ளினான், ஆட்டம் அத்தோட முடிஞ்சுது. அஞ்சுக்கு நாலு. கோப்பை பூனாவுக்குப் போச்சு. யானை வாய்க்குள்ள போன கரும்பு திரும்பி வருமா? ஆனா ஒரு அதிசயம் நடந்துச்சுங்க. ஜெயிச்சவன் கோப்பையைத் தூக்கறப்ப உக்காந்துக்கிட்டே கை தட்டுன சனம், இவன் குச்சியைப் பைக்குள்ள போடறப்ப எந்திரிச்சு நின்னு தட்டுது. என்ற மக எல்லாருக்கும் முன்னால எந்திரிச்சுது. தோத்தவனுக்கு எதுக்குடி கை தட்டறேன்னு கேட்டா, கண்ணுல பொலபொலன்னு தண்ணி. என்ன அம்மிணின்னேன். ஏசிக் காத்து ஒத்துக்கலைன்னுச்சு.

திரும்பி வந்து பாத்தா, முக்குல என்ற ஃப்ளெக்ஸ் ஜம்முனு தொங்குது. அகில இந்திய சாம்பியன். கீழ ஒரு கும்பல். எவனோ ஒருத்தன் சரவெடி வேற கொளுத்திட்டான். செல்போன் கடைக்காரன் ஓடி வந்து கையைக் குலுக்கறான், "எத்தனைக்கு எத்தனைங்ணா"ங்கறான். நான் என்னத்தச் சொல்ல? நாலுக்கு அஞ்சுன்னேன். "நாலு நம்முளுதா அஞ்சு நம்முளுதா"ன்னு கேட்டான் பாருங்க, அன்னைக்குச் செத்துப் போலாமாட்ட இருந்துச்சு. அப்புறம் ஒரு மாசத்துக்குக் கடைக்கு வர்றவனெல்லாம், "சாம்பியன் டீ ஒண்ணு"ங்கறான்.

மறுநா பேப்பர்ல போட்டிருந்தாங்க. எப்படி ஆச்சுன்னு கேட்டதுக்கு, "என் தப்பு, நான் கவனமா இருந்திருக்கணும்"னு சொல்லியிருக்கறான். பாத்தீங்களா, அவனே ஒத்துக்கிட்டான். கயிறு யாரு கட்டுனது, ஏன் நுனி இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை இல்லை. இத்தனைக்கும் அந்தக் கயித்தை இன்னும் கழட்டலைங்க, அந்த நுனியோட அப்படியே கட்டியிருக்கறான். சந்துல போறப்ப பாத்தேன். நான் பேசறதை உட்டுட்டேன். அவன் கடைக்கு வந்து நின்னா நான் உள்ள போயிருவேன். ரெண்டு தடவை என்னமோ சொல்ல வந்தான், "மாமா, ஒரு விசயம்"னு. மாவு பெசையற சோலி இருக்குதுன்னு வந்துட்டேன்.

ஃப்ளெக்ஸ் போனதுக்கா நான் இத்தனை வேதனைப்படறேன்னு நெனைக்கறீங்க? இல்லைங்க. எனக்கு ஆண் வாரிசு கெடையாது. அவன் குனிஞ்சு அந்தக் கடைசிப் பந்தை அடிக்கப் போறப்ப, என்ற பையன் ஆடறாப்லதான் எனக்கு நெஞ்சு அடிச்சுது. சீமைக்கு அனுப்பி வைக்கப் போறோம்னு ஸ்வெட்டர் எங்க கெடைக்கும்னு கூட விசாரிச்சு வெச்சிருந்தேன். ஒரு கயித்து நுனிக்காக அத்தனையையும் தூக்கிக் குடுத்துட்டு வந்து நிக்கறான். என்ற மனசு ஆறலைங்க. இன்னைக்கு வரைக்கும் ஆறலை.

அதனால உங்க பொண்ணு நல்லாயிருக்கோணும்னா இந்தச் சம்பந்தம் வேண்டாம். யோசிச்சுப் பாருங்க. சாம்பார்ல உப்பு எப்படி இருக்குதுன்னு பொண்டாட்டி கேப்பா. நல்லாயிருக்குதுன்னு சொல்றதுதான ஒலகம்? இவன் கையைத் தூக்கிருவான்! மாமனார் வீட்டு விருந்துல ஒரு டம்ளர் ஒடஞ்சா, நாய் தட்டி உட்டுருச்சுன்னு போறதை உட்டுட்டு, நான்தான்னு எந்திரிச்சு நிப்பான். இப்படி ஒரு மருமகனை வெச்சுக்கிட்டு எந்த மாமனாருங்க நிம்மதியாத் தூங்க முடியும்? சொல்லுங்க. சிரிக்காதீங்க, நான் வெளையாட்டுக்குச் சொல்லலை. எந்திரிக்கறீங்களே, கெளம்பிட்டீங்களா? இப்பவாவது மனசுல பட்டுதே, சந்தோசம். பையை மறந்துட்டீங்க. ஏனுங்க, அதை எதுக்கு என்ற கையில குடுக்கறீங்க? பிரிச்சு வேற வைக்கறீங்க? தட்டு எதுக்கு, இந்தப் பூவு எதுக்கு?

அம்மிணி, நீ எதுக்கு எந்திரிச்சு நிக்கறே? கையை எதுக்குத் தூக்கிக்கிட்டு நிக்கறே? என்ன... என்ன ஃபவுலு? யாரு பண்ணினது? நீயா?

இவரை நீதான் வரச் சொன்னியா?

இவரு... கோபி... அட ஆண்டவா. அவங்கம்மாவோட அண்ணனா நீங்க? அந்த வாயில்... உக்காருங்க, உக்காருங்க, ஏன் நின்னுக்கிட்டே இருக்கறீங்க. மாஸ்டர், அந்த டீயை எடுத்துட்டு நல்ல ஃபில்டர் காப்பி கொண்டா! தேங்காய் பன், வெண்ணெய் பிஸ்கெட், எல்லாத்தையும் கொண்டா! என்னங்க நீங்க, வந்த ஒடனே ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமுங்களா? நான் சொல்ல உட்டனான்னு கேக்கறீங்களா. அதும் ஞாயம்தான்.

அப்ப அந்தக் கைப்பிடி நீலம்? பப்ஸு? மாமா? எத்தனை நாளா அம்மிணி? சரி, சொல்லாத. நீயும் அவனாட்ட எல்லாத்தையும் ஒப்பிச்சுராத, அப்பனுக்குக் கொஞ்சம் மிச்சம் வையி. ஷோரூம்காரன் மூஞ்சியில நான் எப்படி முழிக்கறது?

இங்க பாருங்க சம்பந்தி... சம்பந்தின்னு வாயில வந்துருச்சு, வந்தது வந்ததாவே இருக்கட்டும். நான் இப்பச் சொன்னதுல கொறையா என்ன சொன்னேன்? குடிக்க மாட்டான்னேன். அம்மாவைப் பாத்துக்குவான்னேன். பெரியவங்க சொல்லுக்குக் கட்டுப்படுவான்னேன். மத்ததெல்லாம் ஒரு பேச்சுக்கு. அம்மிணி, யோசிச்சுக்க, சாம்பார் நல்லாயில்லைன்னா நல்லாயில்லைன்னே சொல்லுவான். பரவால்லியா? நீ சமைக்கவே போறதில்லையா? அப்பச் சரி, பேச்சே இல்லை.

மாஸ்டர், பின்னால ஜெனரேட்டர் மேல மூடி வெச்சிருக்கறமே, அந்த ஃப்ளெக்ஸை அவுத்துக் கழுவிக் காயப்போடு. கிழிஞ்சுருச்சா? ஓரத்துலதான? கெடக்குது. சம்பந்தி, யோசனை பண்ணிப் பாருங்க. "அகில இந்திய சாம்பியன்"ங்கற எடத்துல மட்டும் ஒரு ஒட்டுப் போட்டு "மணமகன்"னு எழுதிட்டாப் போதும். ஊடால அம்மிணி போட்டோ ஒண்ணு. என்ற போட்டோவுல கையே வைக்க வேண்டாம், மண்டப வாசல்ல கும்புட்டு வரவேக்கறாப்ல கச்சிதமாப் பொருந்துது பாருங்க. அடிச்சது வீண் போகலை. அவன் கால்ல உழற மாதிரி இருக்குதுன்னாலும் இப்ப யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க, மருமகன்தான.

சந்து முக்குலதான் நிக்கறானா? பயந்துக்கிட்டா? வரச் சொல்லுங்க. பப்ஸ் சூடா இருக்குதாம். அவன் வந்தான்னா மொதல் காரியமா அந்தப் பழசைக் கழட்டிட்டு, என்ற கையால புதுசா ஒரு கயிறு கட்டி உடோணும். அடுத்த வருசமும் போட்டி வருதில்ல? சாமிகிட்ட வெச்சிருக்கறதை எடுத்துட்டு வா அம்மிணி.

என்னது கையில? கத்திரிக்கோலா? நான் கயிறுதான கேட்டேன். அதெதுக்கு...

சரி, குடு. அப்படி முறைச்சுப் பாக்காத, குடுன்னு சொன்னேனில்ல. நுனியை இந்த வாட்டி நானே வெட்டிக்கறேன்.